படத்தில் இருப்பவர்

அம்மா இறந்து, காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு ஒருநாள் சாயங்காலம் டிவியில் வந்தாள். சீரியலுக்கு நடுவே வந்த விளம்பரம் அது. அப்பா சோற்றுத் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அந்த விளம்பரத்தை எடுத்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஏற்காட்டில் நாங்கள் குடியிருந்த எஸ்டேட்டில் காப்பிப் பழம் சிவந்து, பறிப்பு மும்முரமாக நடந்த சமயம். ஏதோ ஒரு சத்துப் பானத்துக்குப் படம் பிடிக்க வந்தவர்கள், பழம் பறிக்கிற பெண்களை வரிசையாக நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். அம்மாவின் பல்வரிசை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. புதுச் சேலை கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாலையில் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அம்மா ஒரு தம்ளரைக் குடித்து முடித்து, காப்பி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரிக்க வேண்டும். தம்ளரில் இருந்தது வெல்லத் தண்ணீர். மூட்டைக்குள் இருந்தது தெர்மாகோல். நடுநடுவே அவளுக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை காமிராக்காரர் காத்திருந்தார். நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், “மூட்ட நொம்ப லேசுங்க. தெனமும் இப்படியே இருந்தா எத்தன நல்லாருக்கும்” என்றாள்.

மழைக்காலத்தில் அவள் கால்கள் வீங்கின. முகம் வெளுத்தது. கூடையோடு மேடு ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். கூலி போகுமே என்று தள்ளிப்போட்டு, கடைசியில் சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள். உடம்பில் ரத்தமே இல்லை, இருதயம் ஓய்ந்துபோய்விட்டது என்றார் டாக்டர். பஸ்ஸில் போனவள் வேனில் திரும்பி வந்தாள்.

மாலை போட்டு மாட்ட வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த முகம் யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆகவே அந்த விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து, அரசாங்கம் கொடுத்த அந்தச் சின்ன டிவிக்கு முன்னால் அப்பா தினமும் உட்கார்ந்தார். அம்மா வருவாள், குடிப்பாள், தூக்குவாள், சிரிப்பாள். சிரிக்கும்போது அடியில் எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள் தோன்றி மறையும்.

“அது அம்மா பேரா இருக்கும். படி கண்ணு” என்றார் அப்பா. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறவள் என்று பெயர்.

முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த நாள் டிவியை ஒட்டி உட்கார்ந்து, “படத்தில் இருப்பவர்” என்பதுவரை பிடித்துவிட்டேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. “பாத்தியா? அடுத்தாப்புல பேருதான் வரும்.”

அதற்கப்புறம் சில நாள் விளம்பரம் வரவில்லை. பிறகு மறுபடி வந்தபோது மீதியையும் படித்தேன். “படத்தில் இருப்பவர் உண்மையான தோட்டத் தொழிலாளி அல்ல. இது சித்திரிக்கப்பட்ட காட்சி. பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்.” ஒரே மூச்சில், தடுமாறாமல் சொல்லிவிட்டேன். அப்பா பாராட்டுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அல்லன்னா போட்டிருக்குது?”

“ஆமாப்பா.”

“செரி சாமி” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தங்கச்சியை டிவியில் பார்க்க வாழவந்தியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். மதியத்திலிருந்தே காத்திருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் அம்மா வந்தாள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

“மாப்ள, கீழ என்னமோ எழுதிருக்குதே, என்னங்க அது?”

“அவ பேருதானுங்க” என்றார் அப்பா.

“பேரயே போட்டுட்டாங்களா!” பெரியம்மா எழுந்துபோய் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டிருந்தது.

அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். “பேரு இல்ல பெரியம்மா, உண்மையான தொழிலாளி அல்லன்னு...” என்று ஆரம்பித்தேன். பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது. அதுவரை என்னை ஒரு சொல்கூடக் கடிந்து பேசாதவர். அறைந்த கையை அப்பா இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

நான் அழவில்லை. எங்கேயோ ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன், அதற்குத்தான் அடி என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் அப்பா கூப்பிடுவதற்கு முன்பே போய், டிவியின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தடவை சரியாகப் படித்துவிட்டால் அவர் சந்தோஷப்படுவார்.