ஜப்பான் கடற்கரையில் நான் கேட்காத அறிவிப்பு

ஜப்பானிய மொழி படித்துவிட்டு, அங்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரின் மீன் ஆலையில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். அந்த ஊரில் தினமும் தெரு ஒலிபெருக்கியில் பாட்டும் அறிவிப்பும் வரும். நான் சமயநல்லூர்க்காரன், திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் சத்தத்தில் வளர்ந்தவன். ஒரே வாரத்தில் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு விடுமுறைக் காலையில் நண்பனுக்கு வீடியோ காலில் கடலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்ள, இம்புட்டுச் சத்தம்?"

"நம்மூரு ரேடியோ செட்டு மாதிரிதான்டா, தெனமும் கத்தும். நீ கடலப் பாரு!"

அது சுனாமி எச்சரிக்கை. ஊரே மேட்டுக்குப் போயிருந்தது. என்னைக் காணவில்லை என்று பக்கத்துவீட்டு மளிகைக்கடை அம்மா மட்டும் தேடி இறங்கி வந்தார். "ஓடு!" என்று அலறியவர் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். அவரை முதுகில் சுமந்து மேடேறினேன்.

அலை முழங்கால் உயரம்கூட வரவில்லை. ஆனால் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் கிளம்பும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. ஊரின் ஒரே கடையும் திறக்கவில்லை. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது சமயநல்லூரில் மைக்கில் கரண்ட் நிறுத்தம் என்று சொன்னால்கூட, பைக்கை ஓரங்கட்டி முழுவதும் கேட்கிறேன். இதனால் அந்தம்மாவுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.