கல்லின் மேல் நான்கு வளையல்கள்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ், சீதையம்மன் கோயில் இருக்கும் மலையூரான சீத்தா எலியவில் நிற்கிறது. தேநீர் வாங்கித் திரும்பினால் மகளைக் காணவில்லை. "அடுத்த மாதம் இந்தியாவுக்கே போய்விடுவோம்" என்று காலையில் நான் சொன்னதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

ஆற்றங்கரைக்கு ஓடுகிறேன். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறைகளை மூடிப் போகிறது. ஒரு கல்லின் மேல் அவளுடைய செருப்பும் நான்கு பச்சைக் கண்ணாடி வளையல்களும் இருக்கின்றன. அவள் அம்மா போன பிறகு எனக்கு அவள் ஒருத்திதான். பெயரைச் சொல்லிக் கத்துகிறேன்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு போகும் பெண் ஒருத்தி நிற்கிறாள்.

"ஏங்கய்யா இப்படிக் கத்துறீங்க? சீதையம்மாவக் கும்பிடப் போற பொண்ணுங்க வளையலக் கழட்டி வச்சிட்டுத்தான் போவாங்க. ராவணன் காதுல சத்தம் விழக்கூடாதில்ல? திரும்பி வந்து வளையல் போடுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்க போடுற சத்தத்துல அவனே எந்திரிச்சு வந்துருவான் போல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளையல்களைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லருகே உட்காருகிறேன். அந்தப் பெண்ணும் போய்விடுகிறாள். மூடுபனி இறங்கி, எதிர்க்கரை மறைகிறது.

கடைசியில் மகள் வெறுங்காலோடு வருகிறாள். என் கையிலிருந்து வளையல்களை ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொள்கிறாள்.

"கூப்பிட்டது கேட்டுச்சுப்பா. சீதையம்மா ஊருக்குத் திரும்பிப் போகணும்னு இங்க உக்காந்து அழுதாங்க. நான் இங்கருந்து போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."