ஐந்தாவது தட்டு

ஏழு வருடங்களுக்கு முன்பு, நான் ஓய்வு பெற்ற ஆறாவது வருடம், நானும் என் மனைவியும் கோலார் தங்கவயலில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனோம். தென்னாப்பிரிக்காவை ஒட்டி மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன நாடு, சுவாசி மக்களின் நாடு. அங்கே ஒரு கிராமத்தில் இரண்டு வருடம் ஊழியம் செய்ய முடியுமா என்று எங்கள் சபையில் கேட்டிருந்தார்கள். கேட்டது என் மனைவியைத்தான். முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்தவள். நான் கூடப் போனேன், அவ்வளவுதான். வீட்டுக்கு மூன்று பூட்டுப் போட்டேன். மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை போன பிறகு நடுப்பூட்டில் சந்தேகம் வந்து திரும்பி ஓடினேன். பூட்டு சரியாகத்தான் இருந்தது. ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் ஏறி பங்காருபேட்டை வரும் வரை என் மனைவி என்னோடு பேசவில்லை.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். ஒரு போல்ட் குறைந்தாலும் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்பது என் வேலை. வேலை போன பிறகும் எண்ணுவது போகவில்லை.

அங்கே எங்களுக்குத் தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம். பிறகு நான் கைபம்பில் தண்ணீர் அடிப்பேன். ஒரு கேன் நிறைய நாற்பத்திரண்டு அடி. ஏழு மணிக்குப் பழைய வண்டி ஒன்றில் கிளம்புவோம். வாரத்துக்குப் பதினொரு வீடுகள். என் மனைவி புண்களுக்குக் கட்டுப் போடுவாள், குழந்தைகளை எடை பார்ப்பாள், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்டுவாள். நான் வேலியின் கீல்களைச் சரிசெய்வேன், மக்காச்சோள மாவு மூட்டையை இறக்குவேன், முட்டி வலிக்கிறது என்று சொல்வேன். மதியம் ஏதாவது ஒரு வீட்டில் களி கிடைக்கும். நம் கேழ்வரகுக் களியேதான், ஆனால் வெள்ளையாக இருக்கும், மக்காச்சோளத்தில் கிண்டியது. புளித்த பால் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு கைகளையும் நீட்டி வாங்க வேண்டும். என்னை 'பாபே' என்பார்கள், அப்பா என்று அர்த்தம். அவளை 'மாகே', அம்மா. பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னால்தான் போகும். என்னிடம் வந்தால் வரிசையில் நிறுத்தி எண்ணுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

சுவாசி வீட்டுக்குள் நேராக நுழைந்துவிடக் கூடாது. வேலி வாசலில் நின்று வணக்கம் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து பதில் வந்த பிறகே கால் வைக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இல்லாததால், கண்ணில் படுவதை எண்ணி நோட்டில் எழுதுவேன்.

அந்தக் கிராமத்தில் பல வீடுகளில் எச்.ஐ.வி. இருந்தது. அதற்குத் தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. கிளினிக்கில் மாதத்துக்கு முப்பது கொடுப்பார்கள். தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று அறிய, டப்பாவில் மிச்சம் எத்தனை என்று வீட்டுக்கு வருபவர்கள் எண்ண வேண்டும்.

"எண்ணறதுதான உங்களுக்கு வரும், இந்தாங்க" என்று என் மனைவி அந்த வேலையை என் கையில் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வீடுகளில் ஒன்று, மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு பெண்ணின் வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளியில் படித்த நல்ல ஆங்கிலம் பேசுவாள். புருஷன் தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்வதாகச் சொல்லியிருந்தாள். மற்ற வீடுகளில் ஒன்றிரண்டு மாத்திரை கூடும், குறையும். இவள் டப்பாவில் ஒருநாளும் பிசகாது. பதினாறு இருக்க வேண்டும் என்றால் பதினாறுதான் இருக்கும். எனக்கு அவளைக் கண்டாலே சந்தோஷம். நோட்டில் அவள் பக்கத்தில் நூறு மார்க் போட்டு அவளிடமே காட்டினேன். மற்ற பத்து வீட்டிலும் அவளைப் பற்றிப் பேசினேன்.

"இளைச்சிக்கினே வராளே" என்று என் மனைவி இரண்டு முறை சொன்னாள்.

"கணக்கு சரியா கீதே" என்று நானும் இரண்டு முறை சொன்னேன்.

எட்டாவது மாதம் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அங்கிருந்த சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, அவள் உடம்பில் வைரஸ் ஏறியிருக்கிறது, மாத்திரையைச் சாப்பிடாமல் கொட்டிவிட்டு எண்ணிக்கையை மட்டும் சரியாகக் காட்டுகிறாள் என்றார். இப்படியே போனால் இந்த மாத்திரை அவளுக்கு வேலை செய்யாமல் போய்விடும், பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் தாய் இருக்கமாட்டாள் என்றும் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம். நூறு மார்க் போட்டேனே, என்னையே ஏமாற்றினாளே என்று. அப்போதே போய்க் கேட்டுவிட வேண்டும் என்று வண்டிச் சாவியை எடுத்தேன்.

"மொதல்ல சாப்புடுங்க" என்று என் மனைவி சாவியை வாங்கி வைத்துவிட்டாள். நான் சாப்பிடும்போது என் நோட்டை எடுத்துப் புரட்டினாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

"இன்னாங்க, அந்த வூட்ல எத்தினி பேரு?"

"நாலு. அவளும் மூணு பசங்களும்."

"கோழி ஒம்போது. கொடியில துணி பதினாலு. கழுவி வெச்ச தட்டு அஞ்சு" என்று படித்தாள். "தட்டு அஞ்சுன்னு எழுதிக்கீறீங்க."

"அஞ்சு இருந்துச்சு, எழுதினேன்."

"போன வாரமும் அஞ்சு. அதுக்கு முந்தின வாரமும் அஞ்சு."

"அதான் சரியா எழுதிக்கீறேனே."

நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள். "எட்டு மாசமா எழுதிக்கீறீங்க. அந்த அஞ்சாவது தட்டு யாருதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். காரணம் அவள் கேட்ட கேள்வி மட்டும் இல்லை. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் அப்பா தங்கச் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். நெஞ்சில் தூசு சேர்ந்து இருமல் வந்துவிட்டது. தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். சுரங்கத்து ஆள் யாராவது வாசலுக்கு வந்தால் அப்பா பங்காருபேட்டை போயிருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டும். அப்பா கதவுக்குப் பின்னால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கே தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அந்த வாசலில் நின்று கூப்பிட்டோம். பதில் வர இரண்டு நிமிடம் ஆனது, வழக்கம்போல. என் மனைவி உள்ளே போய் அவளோடு பாயில் உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், நம் பேச்சில் எழுதுகிறேன். என் மனைவி அதட்டவில்லை. தட்டு யாருடையது என்று மட்டும் கேட்டாள்.

அவள் பின்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். புருஷன் நெஞ்சு வியாதியோடு திரும்பி வந்து பத்து மாதம் ஆகிறது. பின்னாலிருக்கும் வட்டக் குடிசையில் இருக்கிறார். இவளுக்கு இருக்கும் நோய் அவருக்கும் உண்டு என்று இருவருக்கும் தெரியும். கிளினிக் வரிசையில் ஊரார் முன்னால் நிற்கமாட்டேன் என்கிறார். அதனால் இவளுடைய மாத்திரையை ஒரு நாள் இவளும் ஒரு நாள் அவரும் சாப்பிட்டிருக்கிறார்கள். இருவரையும் காப்பாற்ற அதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. இரண்டு பேருக்கும் அது போதாது.

"ஒண்ணுகூடத் தரையில போடல பாபே" என்றாள் என்னைப் பார்த்து.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொல்லத்தான் இருந்தேன். நீங்க நூறு போட்டுக் காட்டுனீங்க. அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்றது?"

என் வாழ்க்கையில் என்னைத் திட்டியவர்கள் உண்டு. இப்படி யாரும் என்னைத் தலை குனிய வைத்ததில்லை.

என் மனைவி என்னைப் பார்த்து, "போங்க, போய்ப் பேசுங்க. உங்க ஊரு ஆளுதான் அவரு" என்றாள்.

அவள் சொன்னது குடிசை வாசலுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. கதவு சாத்தியிருந்தது. நான் கதவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். அவர் பாஷை எனக்கு நான்கு வார்த்தை தெரியும். ஆனால் ஷாஃப்ட், அதில் ஆளை இறக்கும் கேஜ் என்ற கூண்டு, ஆழத்தைச் சொல்லும் லெவல், ஷிஃப்ட் இதெல்லாம் தங்கவயலில் பால் குடிக்கும்போதே கேட்ட வார்த்தைகள். சுரங்கத்தில் வேலை செய்தவருக்கும் அவை தெரியாமல் இருக்காது. உடைந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"எங்க அப்பாவும் தங்கச் சுரங்கத்துலதான் இருந்தாரு. கேஜுல எறங்கி எண்பதாவது லெவல்."

உள்ளே இருமல் சத்தம். பிறகு, "எந்த நாட்டுல?"

"இந்தியாவுல."

"இந்தியாக்காரனுக்குக் கடைதான் உண்டு. சுரங்கம் ஏது?"

"கீது. பத்தாயிரம் அடி."

"பொய்."

"எண்ணாம எதையும் நான் சொல்றதில்ல."

சிரிப்பு வந்து இருமலாக மாறியது. "மடாலா" என்று கூப்பிட்டார். கிழவனாரே என்று அர்த்தம். "அவ்ளோ ஆழத்துல உங்கப்பா ஒரு ஷிஃப்டுக்கு எத்தினி தரம் வேர்வைச் சட்டையப் பிழிவாரு?"

"நாலு தரம்."

"நாங்க அஞ்சு."

அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாளே போனேன். என் மனைவி கேட்டதற்கு, கீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்றேன். அன்றைக்கு என் அப்பாவின் இருமலைப் பற்றி, துண்டைப் பற்றி, நான் சொன்ன பொய்யைப் பற்றிக் கதவிடம் சொன்னேன். வைத்தியம் செய்துகொள்ளாமலே அப்பா போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பதிமூன்று வயது என்றும் சொன்னேன். இதை நான் என் மனைவியிடம்கூட அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அவரே ஆரம்பித்தார். "ஷிஃப்ட் முடிஞ்சா எல்லாரும் மேல வந்துட்டாங்கன்னு உங்க ஊர்ல எப்பிடித் தெரியும்?"

"டோக்கன். பித்தளை வில்லை. மேல வந்தவன் அவன் ஆணியில மாட்டணும். ஒரு ஆணி காலியா இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போகமாட்டாங்க."

"எங்களுக்கு விளக்கு" என்றார். "திரும்பி வராத விளக்க வெச்சிதான் ஆளைத் தேடுவாங்க." பிறகு, "உன் நோட்டுல எத்தினி ஆணி காலி, மடாலா?"

"ஒண்ணு."

நான் எண்ணிப் பார்க்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

"தள்ளு. கதவு பூட்டல" என்றார்.

உள்ளே இருந்தவர் என்னைவிட இருபது வயது சின்னவர். எடை என்னில் பாதி இருக்கும்.

திங்கட்கிழமை கிளினிக் வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபத்தேழு பேர். அவர் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தார். "எல்லாரும் பாக்கறாங்க" என்றார். "என்னத்தான் பாக்கறாங்க. இந்த ஊர்ல இந்தியக் கிழவன் நான் ஒருத்தன்தான்" என்றேன். எங்கள் முறை வந்ததும் முதலில் நான் கையை நீட்டி, எனக்கும் ரத்தம் எடுங்கள் என்றேன். சிஸ்டர் விழித்தார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தொப்பிக்குள்ளிருந்து அவர் என் காதருகே குனிந்து, "உனக்கு என்னா வரப்போவுது மடாலா, உன் பொண்டாட்டிகூட உன்னக் கண்டுக்கறதில்ல" என்றார். பத்து மாதம் குடிசைக்குள் கிடந்தவர் அந்த வரிசையில் நின்று அதைச் சொன்னார்.

அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, காசநோயும் இருந்தது. இரண்டுக்கும் மருந்து தொடங்கினார்கள். சுரங்கத் தூசுக்கு மருந்து கிடையாது. அது நெஞ்சிலேயே இருக்கும், ஆனால் மாட்டுப்பட்டி வரை நடக்க விட்டது. அவளுக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது வைரஸ் இறங்கியிருந்தது. அந்தச் சீட்டை நான் மூன்று முறை படித்தேன். அவள் டப்பாவில் அந்த வாரம் ஒரு மாத்திரை கூடுதலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறந்துவிட்டதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் மார்க் ஒன்றும் போடவில்லை.

நாங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கழுவி வைத்த தட்டு ஏழு.

இப்போது தங்கவயலில் வாரத்தில் இரண்டு நாள், பழைய பாலகாட் சுரங்கத்துப் பக்கம் வீட்டோடு கிடக்கும் வயதானவர்களைப் பார்க்க நானும் அவளும் போகிறோம். வாசலில் கிடக்கும் செருப்புகளை இன்னும் எண்ணத்தான் எண்ணுகிறேன். நோட்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் என் மனைவி ஒரு கோடு போட்டு, மேலே 'யார்?' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். முன்பெல்லாம் கணக்கு சரியாக வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. இப்போது கணக்கு சரியாக வந்துவிட்டாலும் நோட்டை மூடுவதற்கு முன், உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.