ஐந்தில் இரண்டு

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு வெண்மதியை முதன்முதலாகப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில், ஏற்கெனவே துடைத்த கரும்பலகையை அவர் மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்மீது வந்திருந்த புகாரை விசாரிக்க வட்டாரக் கல்வி அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது.

வெண்மதி தொண்டூர்க்காரர். பெற்றோர் பிறர் நிலத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பிடுங்கிப் படிக்கவைத்த மூத்த மகள். தகுதித் தேர்வில் தேறியும் நிரந்தர வேலை கிடைக்காமல், செஞ்சியில் உள்ள இந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தார். பள்ளி மேலாண்மைக் குழு வேண்டாமென்றால் அந்த வாரமே வேலை போய்விடும். புகார் கொடுத்தவரோ அக்குழுவின் தலைவர் மனோரமா. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் ஸ்ரீஹரி வீட்டுப்பாடத்தில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான்.

“மேலயும் மேலயும் கூட்டி, கீழயும் கீழயும் கூட்டியிருக்கான் சார். மிஸ் சொல்லிக் குடுக்காம இவனுக்கு எப்படித் தெரியும்?” என்றார் மனோரமா, கடைசி பெஞ்சில் அமர்ந்தபடி.

நான் ஸ்ரீஹரியை எழுப்பினேன். “இப்படிப் போடணும்னு யார் சொன்னது?”

அவன் மெல்லத் திரும்பித் தாயைப் பார்த்தான். மனோரமாவின் கை புடவைத் தலைப்பைப் பற்றியது. கடையில் அரையும் காலும் முக்கால் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர் அவர். மூன்றில் ஒன்றுக்குத்தான் அவருடைய கடையில் எடைக்கல் கிடையாது. வீட்டில் அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு முன்பே வெண்மதிக்குப் புரிந்துவிட்டது. பையன் ஒரு சொல் சொன்னால் வெண்மதியின் வேலை பிழைக்கும்.

“சார், அந்தக் கேள்வி வேணாம்,” என்றார் வெண்மதி. “என் வகுப்புல வந்த தப்பு. நான் பாத்துக்கறேன்.”

“பாத்தீங்களா, ஒத்துக்கினாங்க!” என்று யாரையும் பேசவிடாமல் சொன்னார் மனோரமா. நான் தலைகுனிந்து அறிக்கைத் தாளைப் பார்த்தேன். அதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

வெண்மதி மாணவர்கள் பக்கம் திரும்பினார். “ஸ்ரீஹரி, தராசுல அரைக் கிலோ வெல்லம் இருக்குது. இன்னும் கொஞ்சம் போடறே. அரைக்கு மேல வருமா, கீழ வருமா?”

“மேலதான் மிஸ்.”

“உன் அஞ்சுல ரெண்டு, அரைக்கு மேலயா, கீழயா?”

அவன் விரல்விட்டுப் பார்த்தான். “கீழ…”

“டேய், வெல்லத்த நீயே தின்னுட்டியா?” என்றாள் முன்வரிசை சுவாதி. வகுப்பே சிரித்தது. வெண்மதி சிரிக்கவில்லை. ஒரு காகிதப் பட்டையை ஆறாக மடித்து அவனிடம் கொடுத்தார். “இதுல பாதி எத்தினி கட்டம்?”

“மூணு.”

“மூணுல ஒரு பங்கு?”

அவன் கட்டங்களை இரண்டிரண்டாகப் பிரித்து எண்ணினான். சுவாதி விடையை முணுமுணுக்க, வெண்மதி அவளைக் கையமர்த்தினார். “ரெண்டு மிஸ். சேத்தா… ஆறுல அஞ்சு!”

“அப்போ பாதியில மூணுல ஒண்ணைக் கழிச்சா?”

“ஒரு கட்டம். ஆறுல ஒண்ணு.”

கீழெண் வேறான வேற்றினப் பின்னங்களை ஒரே அளவுக் கட்டங்களாக்கிய பிறகே கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்பதை அவனே பலகையில் எழுதிக் காட்டினான். மனோரமா எழுந்து வந்து, “புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்,” என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். வெண்மதியின் வேலை நிலைத்தது.

ஆனால் புகார் அதற்குள் கடைத்தெரு முழுக்கப் பரவியிருந்தது. கணக்குத் தெரியாத மிஸ் என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதைத் தீர்க்க, தப்பு தன்னுடையது என்று மனோரமா ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பள்ளி வாசலில் வாரந்தோறும் இருவரும் சந்திக்கிறார்கள். மனோரமா இதுவரை அதைச் சொன்னதில்லை. வெண்மதியும் கேட்டதில்லை.