தனி ஆளுக்கு ரூம் இல்லை

மாமல்லபுரத்து லாட்ஜில் மேசைக்குப் பின்னால் மேனேஜர் இருக்கிறார். படிக்கட்டைப் பெருக்கும் அக்கா இருக்கிறாள். வாசலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. முதுகில் பையோடு நான் நிற்கிறேன். கோவளத்திலிருந்து ஐப்பசி மழையில் நடந்தே வந்திருக்கிறேன்.

"கூட யாரு?" என்கிறார் மேனேஜர்.

"நான் மட்டும்தான்."

"தனியா வந்தா ரூம் கெடையாது. போன மாசம் ஒர்த்தன் இப்டித்தான் வந்தான். கதவ ஒடச்சிதான் பொணத்த எடுத்தோம். போலீசு, கேசுன்னு ஒரே பேஜாரு."

"நான் சாக வரல சார். ஊர் பாக்க வந்தேன்."

அக்கா சிரிக்கிறாள். "மழையில எவன் ஊர் பாக்க வருவான்? இன்னா கஷ்டம் இருந்தாலும் வூட்டுக்குப் போ நைனா."

ஆதார் அட்டையை மேசையில் வைக்கிறேன். மேனேஜர் அதைத் தொடவில்லை. அவர் தலைக்குப் பின்னால் எல்லா அறைகளின் சாவிகளும் பலகையில் தொங்குகின்றன. எண்ணிப் பார்க்கிறேன்.

பதினெட்டு.