பெரியம்மா தொண்டையில் ஆரஞ்சு கலர்

போன செவ்வாய்க்கிழமை ஒரு திருட்டைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது போலீஸ் இல்லை... சளி உறிஞ்சுகிற குழாய்!

என் மனைவியின் பெரியம்மா கன்னியம்மா, நெட்டுக்குப்பத்தில் மீன் விற்றவர். எழுபதைத் தாண்டியவர். நிமோனியாவில் மூச்சு தடுமாறி, இப்போது ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் இருக்கிறார். கழுத்தில் துளை போட்டு, அதன் வழியாக மெஷின் மூச்சு கொடுக்கிறது. சாப்பாடு மூக்குக் குழாயில். வாயால் ஒரு சொட்டுகூடக் கூடாது. பேச்சும் வராது. மீன் ஏலத்தில் ஆம்பளைகளையே வாயடைக்க வைத்த மனுஷி, இப்போது ஒரே ஒரு ஜாடைதான் காட்டுகிறார் — குடிக்க ஏதாவது கொடு.

பார்க்கவே வேதனையாக இருக்கும்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் நமக்கு உண்டா? ஒருத்தர் இளநீர், ஒருத்தர் கஞ்சி, ஒருத்தர் கோயில் தீர்த்தம். நர்ஸ் தடுத்தால் எல்லோரிடமும் ஒரே பதில்: "சோறா குட்க்கறோம்? தண்ணி தானே!"

செவ்வாய்க்கிழமை விழுங்கும் டெஸ்ட். பாஸானால் வாயால் குடிக்க ஆரம்பிக்கலாம். பெரியம்மா அன்று மட்டும் நர்ஸிடம் வேறு ஜாடை காட்டித் தலைகூட வாரிக்கொண்டார். நானும் பெரியம்மாவின் தம்பி ஏகாம்பரமும் கட்டிலருகே நின்றோம். டெஸ்ட் எடுக்க வந்தவர் ஸ்பீச் தெரபிஸ்ட். ஏகாம்பரத்துக்குச் சந்தேகம்.

"பேச்சு சொல்லித் தர்ற டீச்சருக்கு முயுங்கறதுல இன்னா வேல?"

"ரெண்டுக்கும் ஒரே தொண்டைதான் சார்" என்றார் அந்தப் பெண்.

ஒரு ஸ்பூன் நீல நிறத் தண்ணீர் கொடுப்பார்களாம். பிறகு கழுத்துத் துளையில் குழாய் விட்டு உறிஞ்சுவார்களாம். நீலம் வந்தால், தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகிறது என்று அர்த்தம்.

முதலில் சளியைச் சுத்தம் செய்ய நர்ஸ் குழாயை விட்டார். நீலத் தண்ணீரை இன்னும் கொடுக்கவே இல்லை. குழாயில் வந்தது... பளிச்சென்று ஆரஞ்சு!

"யார் என்ன குடுத்தீங்க?" என்றார் நர்ஸ்.

ஏகாம்பரம் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தின் அழகை ரசித்தார். பெரியம்மா கூரையை ரசித்தார். கூட்டுக் களவாணிகள்!

"ஆரஞ்சு கலரும்மா, சோடாக் கடைல விக்கறது. ரெண்டே மடக்கு" என்றார் ஏகாம்பரம் கடைசியில். "எங்கக்கா கைய புட்ச்சிகினு கண்ணால கெஞ்சுது. மாட்டேன்னு எப்டி சொல்றது? தண்ணி மாரி தானேன்னு..." அழுதே விட்டார்.

"தண்ணிதான் சார் மோசம்" என்றார் தெரபிஸ்ட். "விம்கோ நகர் ரயில்வே கேட் எறங்கறதுக்குள்ள பைக்ல வர்றவன் பூந்து ஓடுவான் பாருங்க, அந்த மாதிரி. வயசானவங்க தொண்டை, அதுவும் இத்தனை நாள் குழாயோட இருந்த தொண்டை, மூச்சுக்குழாயை மெதுவாத்தான் மூடும். தண்ணி அதுக்குள்ள நுரையீரலுக்குப் போயிடும்."

பெரியம்மாவுக்கு அன்றே ஜுரம். டெஸ்ட் தள்ளிப்போனது. மெஷினை மெல்லக் குறைக்க நினைத்திருந்தார்கள். அதுவும் தள்ளிப்போனது. எனக்குக் கோபமான கோபம். ஆனால் அழுகிற மனுஷனை என்ன திட்டுவது? அந்தக் கையைப் பெரியம்மா என் பக்கம் நீட்டியிருந்தால் நான் மட்டும் கல்லாக நின்றிருப்பேனா... தெரியவில்லை. பெரியம்மா சத்தமே இல்லாமல் அழுதார். மூச்சு மெஷினோடு அழுதால் சத்தம் வராது.

சரி, இத்தோடு திருந்தியிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்?

வெளியே வந்தால், லிஃப்ட் வாசலில் உறவுக்காரர் ஒருவர் விஷயம் கேட்டுவிட்டு, ஏகாம்பரத்தின் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னார். "நீ ஆரஞ்சு குட்த்தது தப்பு மாமு. பன்னீர் சோடா குட்த்துக்கணும். கலரே தெர்ஞ்சிருக்காது!"

டாக்டர் நம்பிக்கையாகத்தான் இருக்கிறார். பெரியம்மா பிழைத்துக்கொள்வார் — சொந்தக்காரர்கள் மனசு வைத்தால்!