காரிமங்கலத்தில் கழற்றிய போல்ட்

எண்பதுகளின் நடுவில் எனக்கும் என் நண்பனுக்கும் சேர்த்து ஒரு டீசல் கார் இருந்தது. கைமாறி வந்த பழைய வண்டி. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிறுத்தி, கல்யாணம், பிரசவம், கோர்ட் என்று கூப்பிட்ட இடத்துக்கு ஓட்டுவோம். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். சின்ன வயதில் ஒரே மாதா கோயிலில் பூசைக்கு உதவியவர்கள் நாங்கள். என் மூத்த மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாக நின்றவன் அவன். என் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்காமல் வருவான்.

ஒரு வருஷம் மழை முடிந்த சமயம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அதே நோயில் போய்ச் சேர்ந்ததையும் பார்த்தேன். நண்பன் தினமும் வந்தான். ஆரஞ்சு உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக ஊட்டிவிடுவான்.

"வண்டியப் பத்தி நெனைக்காத. நான் பாத்துக்கறேன்" என்பான். அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தேறி வந்து முதல் முறையாக வண்டியை எடுத்த அன்று டீசல் நாற்றம் குப்பென்று அடித்தது. நின்றிருந்த இடத்தில் மண் கறுத்து நனைந்திருந்தது. மேட்டில் வண்டி திணறியது. புகையைக் கரியாகக் கக்கியது.

"என்னப்பா இப்படி ஒழுகுது?" என்று கேட்டேன்.

"பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும். மொதல்ல உன் ஒடம்பப் பாரு" என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. டீசல் குழாய்கள் சேரும் இடங்களில் செம்பு வாஷர்களை மாற்றினேன். பில்டர் பக்கம் ஒழுகல் நின்றது. இன்ஜினுக்கு டீசல் தள்ளுகிற பம்புக்கு அடியில் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. துணியால் துடைத்தால் விரலில் வழவழவென்று ஏதோ ஒட்டியது. துணி துவைக்கிற சோப்பு! யாரோ ஒழுகலை மறைக்க அதைத் திணித்து அடைத்திருந்தார்கள்.

பம்பைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதைப் பிடித்திருந்த மூன்று போல்ட்டுகளில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதன் தலை உருண்டையாக மழுங்கிப் போயிருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். உளி வைத்துத் தட்டினேன். அசையவில்லை. நோயில் வற்றிய கைகளுக்கு அதற்கு மேல் பலம் இல்லை.

மற்ற இரண்டையும் திரும்ப முடுக்கிக்கொண்டு, அடுத்த சந்தை நாளில் சவாரியோடு காரிமங்கலம் போனேன். சவாரிக்காரர்கள் சந்தைக்குள் போனதும் தெரிந்த வெல்டரிடம் வண்டியை விட்டேன். டீசலை வடித்து, இடத்தைக் கழுவி, பேட்டரி வயரைக் கழற்றினோம். சுற்றிலும் ஈரச் சாக்கு போட்டுவிட்டு, மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். சூடு தணிவதற்குள் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். கிரீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தது.

"மரையே வேறங்க இது. சேராத போல்ட்ட அடிச்சு ஏத்தியிருக்காங்க" என்றார்.

பம்பை இறக்கித் துடைத்தேன். சேலத்தில் எங்கள் பம்பை ரிப்பேர் செய்தபோது அடையாளத்துக்கு அதில் சின்னதாக ஒரு சிலுவை கொத்தியிருந்தேன். இதில் அது இல்லை. இது எங்கள் பம்பே இல்லை.

வெல்டர் என் முகத்தைப் பார்த்தார். "உங்க கூட்டாளி சித்தேரி மலைப் பக்கம் ஓட்டறதுக்கு ஒரு ஜீப்பு ரெடி பண்றாருங்களே. இதே இன்ஜின்தான். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அந்த வேற்றுப் பம்பையே திரும்ப மாட்டிக்கொண்டு சவாரியை இறக்கிவிட்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் ஜீப் நின்றது. பெயின்ட் காயவில்லை. அவன் மறைக்கக்கூட முயலவில்லை.

"டாக்டரு கைய விரிச்சிட்டாருப்பா. நீ எந்திரிச்சு வருவேன்னு யாரு கண்டா? எனக்கும் புள்ளைங்க இருக்குதில்ல" என்றான்.

"எப்பக் கழட்டுன?"

"டாக்டரு சொன்ன மறுநாளு."

"அப்பறமும் தெனம் வந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தியே?"

"வராம எப்படிப்பா இருக்கறது?" என்றான். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேணும்னா கழட்டித் தந்துடறேன்."

"கழட்டு" என்றேன். கடைசி நட்டு வரும்வரை அங்கேயே நின்றேன். பம்பைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "டாக்டரு என்கிட்டயும் உங்க கூட்டாளிகிட்டயும்தான் சொன்னாரு. நான் அழுதப்ப, அந்த வண்டி இருக்கறவரைக்கும் எங்களப் பட்டினி போட மாட்டேன்னு அவருதான் தேத்துனாரு."

சரியான மரையுள்ள போல்ட்டுகள் வாங்கி பம்பை மாட்டினேன். ஒழுகல் நின்றது, வண்டி மேடு ஏறியது. ஜீப்பை அவன் வைத்துக்கொண்டான், கார் என்னிடம் நின்றது. ஜீப்புக்கு வேறு பம்பு போட்டுச் சித்தேரிக்கு ஆளேற்றிப் போவான். ஸ்டாண்டைத் தாண்டும்போது கையைத் தூக்குவான். நான் தூக்கியதில்லை.

கோபம் சில வருஷங்களில் ஆறிவிட்டது. ஆனால் நான் பிழைத்து வந்து வண்டியருகே நின்ற அன்று அவனுக்கு வந்தது சந்தோஷமா, ஏமாற்றமா என்று மட்டும் கேட்க எனக்குக் கடைசிவரை துணிச்சல் வரவில்லை.